நடுத்துண்டு

என் கணவர் ஜீவரட்ணம் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் மீனைப் பற்றி அவர் சொன்ன எதையும் நான் இருபது வருடமாக நம்பியதில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை நன்றாகவே நடத்தலாம், நடத்தியிருக்கிறோம்.

நாங்கள் இருக்கிற டென்மார்க்கின் வைலே நகரத்தில் ஒரு தூண்டில்காரர் கிளப் இருக்கிறது. அதில் தமிழர் என்றால் இவர் ஒருவர்தான். பண்டகசாலையில் பின்னேர ஷிஃப்ட் என்பதால் காலையில் மார்புவரை ரப்பர் காற்சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு நிலத்துக்குள் நீண்டு வரும் கடலான ஃபியோர்டில் இறங்கி நிற்பார். மார்ச், ஏப்ரல் குளிரில் ஒரு மனிதர் தண்ணீருக்குள் போய் நிற்பதென்றால் அவருக்கு ஒன்றில் விசர் பிடித்திருக்க வேண்டும், அல்லது வீட்டில் என்னைப் போல ஒருத்தி இருக்க வேண்டும். பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார். கையோடு வருவது கதை.

இரண்டு வருடத்துக்கு முன் வந்த கதை இது: பெரியதொரு ஓரெட் மாட்டியதாம். ஓரெட் என்றால் சால்மனுக்குத் தம்பி முறையான ஒரு மீன், கடலிலும் ஆற்றிலும் மாறி மாறி வாழும். அதைக் கரைக்கு இழுத்து வருகிற நேரம் ஒரு சீல், அதுதான் கடல்நாய், வந்து கவ்விக்கொண்டு போய்விட்டதாம். கிளப்பில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து அங்கே அவருக்குப் பெயரே 'சீல்'தான். கோடை விருந்துக்கு என்னையும் கூட்டிப் போனபோது, அத்தனை பேருக்கும் முன்னால், "பாவம் அந்தச் சீல், அதற்கும் குடும்பம் இருக்குமே" என்று டேனிஷில் சொல்லி நானும் ஒரு சிரிப்பு வாங்கினேன். அவரும் சேர்ந்துதான் சிரித்தார். திரும்பி வரும்போது காரில் ரேடியோவைப் போடவில்லை. நான் கவனித்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

கிளப் வீட்டில் ஒரு சுவர் உண்டு. எண்பது சென்ரிமீற்றருக்கு மேலே ஓரெட் பிடித்தவர்களுடைய மீன் மட்டும் அதில் தொங்கும். படம் அல்ல. கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் சூடைமீனும் சுறாவாகத் தெரியும் என்பதால் படத்தை அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. கிர்ஸ்டன் என்று ஒரு பெண், பாடசாலையில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள், ஜப்பானுக்குப் போய் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மீனின் ஒரு பக்கத்துக்குக் கறுப்பு மை பூசி, மேலே மெல்லிய தாளைப் போர்த்தி, விரலால் அழுத்தி எடுப்பது. கமரா இல்லாத காலத்தில் ஜப்பானியத் தூண்டில்காரர் தாங்கள் பிடித்ததை இப்படித்தான் நிரூபித்தார்களாம். மீன் எவ்வளவோ, தாளிலும் அவ்வளவுதான். கூட்டிச் சொல்ல இடமில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அந்த வெள்ளிக்கிழமை தெரிந்திருந்தால் நான் கத்தியைத் தொட்டிருக்க மாட்டேன்.

அன்று மூன்று மணிக்கு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடித்து வீட்டுக்கு வந்தேன். ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் செபக்கூட்டம். குசினிக்குள் போனால், மேடையில் ஈரத் துவாய் போர்த்தியபடி ஒரு மீன். துவாயை விலக்கினேன். அம்மாடி! பலகைக்கு இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் வால். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மனிதர் உருப்படியாக ஒன்று கொண்டுவந்திருக்கிறார், அதுவும் கூட்டத்துக்கு ஆட்கள் வருகிற நாளில், காய்ந்து போகாமல் மூடியும் வைத்திருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாலிலிருந்து வடிந்த தண்ணீர் என் செருப்பை நனைத்ததற்கு மட்டும் அவரை இரண்டு வார்த்தை திட்டினேன். பிறகு வேலையைத் தொடங்கினேன்.

எங்கள் வீட்டுக்குள் வந்த மீன் எதுவும் முழுதாக ஒரு மணித்தியாலம் இருந்தது கிடையாது. செதிளை வழித்தேன். செட்டைகளையும் வாலையும் கத்தரித்துக் கழிவுப் பைக்குள் போட்டேன். குடலை எடுத்து, தலையை வேறாக்கி, உடம்பை மூன்று விரல் அகலத்தில் துண்டு போட்டேன். பெரிய மீன் வெட்டினால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு பங்கு போக வேண்டும். கீழ்மாடி அருள்நாயகி அக்காவுக்கு நடுத்துண்டை மட்டும் தாராளமாகவே வெட்டி, ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மெல்லிய துண்டு கொடுத்தால் அந்த மனுசி அதைப் பக்கத்து ஊர் கோல்டிங்வரை கொண்டுபோய்க் கதைக்கும். வந்து மிச்சத் துண்டுகளுக்கு மஞ்சளும் உப்பும் பிரட்டுகிற நேரம் ரெலிபோன் அடித்தது.

"மலர், அந்த மீனுக்கு மேல கிடக்கிற துவாயை ஒருக்கா நனைச்சு விடு. காயக்கூடாது."

"ஏனப்பா, சட்டிக்குள்ள போற மீனுக்குத் துவாய் எதுக்கு?"

 அவருக்குப் பின்னால், பண்டகசாலையில், ஒரு ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப் என்று பின்வாங்குவது கேட்டது.

"வெட்டிப்போட்டியே?"

"ஓம். மஞ்சளும் பிரட்டிப்போட்டன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். காலையில் கரையில் நின்றே அளவுநாடா பிடித்துப் பார்த்தாராம், எண்பத்து மூன்று. கையில் இருந்த போன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது, படம் இல்லை. கார் நிறுத்துமிடத்தில் யாரிடமோ போன் வாங்கி கிளப் தலைவர் பிறேபனுக்குச் சொல்லியிருக்கிறார். நாளைக்குப் பத்து மணிக்குக் கொண்டு வா, கிர்ஸ்டன் தாளில் எடுப்பாள் என்று பிறேபன் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, "சீல் இந்த முறை விட்டுவிட்டதா?" என்றும் கேட்டாராம்.

"நாளைக்குப் போய் மனிசி கறிக்கு வெட்டிப்போட்டா எண்டு சொன்னா ஆர் நம்புவினம், மலர்?"

ஒருவரும் நம்ப மாட்டார்கள். நானே நம்ப மாட்டேன். சீல் கவ்விக்கொண்டு போன கதைக்கு இது அச்சு அசலான தங்கைக் கதை.

ஓடிப்போய் அருள்நாயகி அக்காவின் கதவைத் தட்டினேன். வீடு முழுக்கப் பொரியல் வாசம். "நல்ல ருசியான மீன் பிள்ளை, முள்ளுக்கூட மிச்சம் வைக்கேல்லை" என்றார். முள்ளைப் பூனைக்குப் போட்டாராம், பூனையும் மிச்சம் வைக்கவில்லை. திரும்பி வந்து கழிவுப் பையைத் தரையில் கொட்டி, முட்டைக்கோதுக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவில் வாலையும் செட்டைகளையும் பொறுக்கிக் கழுவினேன். துண்டுகளை உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசினேன். மஞ்சள் போகுமா? அது மஞ்சள். செபக்கூட்டத்துக்குப் பருப்பும் முட்டைக் குழம்பும் வைத்தேன். மீன் வாசம் பிடித்துக்கொண்டு வந்த பாஸ்டர் ஒவ்வொரு சட்டியாகத் திறந்து பார்த்துவிட்டு, மிகவும் சுருக்கமாகச் செபம் பண்ணினார்.

சனிக்கிழமை நானும் கூடவே போனேன். "நீ ஏன்?" என்று இவர் கேட்டார். "வெட்டினது நான்தானே" என்றேன். குற்ற உணர்வு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொன்னால், துண்டு போட்ட மீனைத் தாளில் எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. இரவு முழுக்க அந்த யோசனைதான்.

கிளப் வீட்டில் ஏழெட்டுப் பேர் கோப்பியோடு காத்திருந்தார்கள். சீல் என்ன கொண்டு வருகிறது என்று பார்க்க வந்த கூட்டம். நான் தட்டத்தைத் திறந்ததும் ஒருவர் வாய்க்குள் இருந்த கோப்பியைத் துப்பிவிட்டார். பிறேபன் தாடியைத் தடவியபடி தட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மறுபடி தட்டத்தைப் பார்த்தார். டேனிஷில் மரியாதைப் பன்மை கிடையாது, எல்லோரும் எல்லோருக்கும் நீதான்.

"நீ இதைச் சமைக்கவா இருந்தாய்?"

"மீனை வேறு என்ன செய்வார்கள்?" என்றேன்.

கிர்ஸ்டன் மட்டும் சிரிக்கவில்லை. எழுபது வயதிருக்கும், கட்டையாக வெட்டிய நரைமுடி, நகமெல்லாம் மை. ஒரு துண்டை எடுத்துத் தோலில் பெருவிரலை ஓட்டினாள். "இதன் வழுவழுப்பை எப்படி எடுத்தாய்? வழுவழுப்பு இருந்தால் மை பிடிக்காது. நான் அரை நாள் மினக்கெடுவேன், உன்னுடையது துடைத்த மாதிரி இருக்கிறதே" என்று கேட்டாள். உப்பும் தேசிக்காய்ப் புளியும் என்றேன். அதைக் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

பலகையில் ஈரக் களிமண்ணைப் பரப்பி, வயிற்றுத் துண்டுகளுக்குள் கடதாசி உருண்டைகளை அடைத்து, தலையிலிருந்து வரிசையாக அடுக்கினோம். தலை, நான்கு துண்டு, பிறகு ஐந்து துண்டு, வால். மொத்தம் பதினொன்று. செட்டைகளை அதனதன் இடத்தில் செருகினோம். நான்காம் துண்டுக்குப் பிறகு அருள்நாயகி அக்கா சாப்பிட்ட இடம்.

"இங்கே எவ்வளவு இடம் விட?" என்று கிர்ஸ்டன் கேட்டாள்.

அதுதான் கேள்வி. மற்றத் துண்டுகளைப் போல மூன்று விரல் விட்டால் எழுபத்தொன்பது வந்தது. சுவருக்கு எண்பது வேண்டும். அது பெரிய துண்டு என்றேன் நான். எவ்வளவு பெரியது என்று பிறேபன் கேட்டார். நான் விரல்களை விரித்துக் காட்டினேன். எனக்கே நிச்சயமில்லாததால் விரல்கள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பின்னால் யாரோ 'சீல்' என்று முணுமுணுத்தது கேட்டது.

நான் இவர் பக்கம் குனிந்து தமிழில் சொன்னேன்: "ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில ஒரு நூலளவு இடம் விட்டாலே எண்பது தாண்டும். ஒருத்தருக்கும் தெரியாது. நான் செய்த பிழைக்கு நீங்கள் ஏன் குறைஞ்சு போகோணும்?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "தெரியாததை நான் வைக்கமாட்டன்" என்றார். பிறகு வால் பக்கத்து ஐந்து துண்டுகளையும் இரண்டு பெருவிரலாலும் தள்ளித் தள்ளி, முன் துண்டுகளோடு ஒட்ட வைத்தார். இல்லாத துண்டுக்கு இடமே விடவில்லை. மீதி இணைப்புகளையும் வெளிச்சம் புகாதபடி அழுத்தினார். அளவுநாடாவைப் பிடித்தால் எழுபத்து நான்கு. "இப்படியே எடு" என்று டேனிஷில் கிர்ஸ்டனிடம் சொன்னார்.

 இந்த மனிதரின் கதைகளையா நான் இருபது வருடம் தள்ளுபடி செய்து கேட்டேன்!

கிர்ஸ்டன் மையைத் தூரிகையால் மெல்லப் பூசினாள், தலையிலிருந்து வாலுக்கு. வெள்ளைத் தாளைப் போர்த்தி விரல் நுனிகளால் தடவினாள், செட்டைகளில் ஒரு விரல், செவுளில் ஒரு விரல். பிறகு ஓரத்தைப் பிடித்து உரித்தாள். நானும் ஏதோ பிள்ளைப்பேறு பார்க்கிறவள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தாளில் ஒரு மீன் கிடந்தது. வால்செட்டையில் எத்தனை நரம்பு என்று எண்ணலாம். செவுளில் இருந்து வால்வரை உடம்பின் நடுவால் ஒரு கோடு ஓடியது. முப்பது வருடம் மீன் வெட்டுகிறேன், அப்படி ஒரு கோடு இருப்பதை அன்றுதான் பார்த்தேன். செதிளை நான் வழித்த இடமெல்லாம் மங்கலாகவும், செட்டைக்கு அடியில் என் கத்தி போகாமல் விட்ட இடத்தில் மட்டும் செதிள் செதிளாகத் துலக்கமாகவும் இருந்தது. ஒவ்வொரு வெட்டிலும் மஞ்சள் கசிந்து ஒரு மெல்லிய வரி. என் வேலை முழுவதும் அதில் எழுதியிருந்தது, நல்லதும் கெட்டதும்.

"எழுபத்து நான்கு" என்றார் பிறேபன், கொஞ்சம் இரக்கத்தோடு. "என்றாலும் அழகான மீன்தான்."

எனக்கு அவர் பேச்சு காதில் ஏறவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று கண்ணை உறுத்தியது.

"இந்த மீனுக்கு முதுகில் படி இருக்கிறதே" என்றேன்.

எல்லோரும் குனிந்தார்கள். மற்ற இணைப்புகளில் எல்லாம் முதுகு சறுக்கிக்கொண்டே போனது. நான்காம் துண்டும் அடுத்ததும் சேர்கிற இடத்தில் மட்டும் மாடிப்படி இறங்குவதுபோல் ஒரு இறக்கம். வயிற்றுப் பக்கமும் அப்படியே. நடுக்கோடும் அந்த இடத்தில் சந்திக்கவில்லை.

ஒரு மீனின் துண்டுகள் வாலை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுக்கும். பெரியது யாருக்கு, சின்னது யாருக்கு என்று முப்பது வருடம் பங்கு போட்டவளுக்கு இது தெரியாதா? இல்லாத துண்டு எவ்வளவு என்று என் விரலைக் கேட்பானேன்? மீனையே கேட்கலாமே!

"தடித்த தூண்டில் நரம்பு இருக்கிறதா?" என்று கேட்டேன். தூண்டில்காரர் கிளப்பில் அதற்கா பஞ்சம். ஆளுக்கொன்றை நீட்டினார்கள். பலகையில் கிடந்த மீனில், ஒன்றைத் தலையிலிருந்து முதுகு ஓரமாக வைத்தேன், ஒன்றை வயிற்று ஓரமாக. கிர்ஸ்டன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள், பிறேபன் மற்றதை. நைலோன் நரம்பு முறிந்து வளையாது, சீராகத்தான் வளையும். வால் பக்கத்துத் துண்டுகளை மெல்லப் பின்னால் இழுத்தேன். ஒரு விரல். இன்னும் முதுகில் படி. இரண்டு விரல், மூன்று விரல். முதுகு சரி வந்ததுபோல் இருந்தது, வயிறு வரவில்லை. ஒருவரும் கோப்பியைத் தொடவில்லை. நான்கு விரலைத் தாண்டி இன்னும் கொஞ்சம் இழுத்தபோது, மேல் நரம்பும் கீழ் நரம்பும் ஒரே நேரத்தில் தோலோடு தோலாகப் படிந்தன. பிறேபன் ஒரு அளவுகோலை நடுக்கோட்டின் மேல் வைத்தார். இந்தப் பக்கக் கோடு இடைவெளியைத் தாண்டிப்போய் அந்தப் பக்கக் கோட்டில் நேராக விழுந்தது.

அளவுநாடாவைப் பிறேபனே பிடித்தார். இரண்டு தடவை பிடித்தார்.

"எண்பத்திரண்டரை" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "நீ எண்பத்து மூன்று என்றாய்" என்றார்.

"அப்போது அது உயிரோடு இருந்தது" என்றார் என் கணவர்.

இந்தச் சிரிப்பு வேறு மாதிரிச் சிரிப்பு.

கிர்ஸ்டன் மறுபடி மை பூசி, இரண்டாவது தாளைப் போர்த்தி எடுத்தாள். நடுவில் ஒரு வெள்ளை வெளி, இரண்டு பக்கமும் மஞ்சள் கரை. கண்ணுக்கு மை பூசுவதில்லை, அதைக் கையால் வரைய வேண்டும். கண்ணை வரைந்து முடித்ததும் மூலையில் பென்சிலால் எழுதினாள். வைலே ஃபியோர்ட், திகதி, நீளம், பிடித்தவர் ஜீவரட்ணம். அதற்குக் கீழே இன்னொரு வரி. ஜப்பானில் அது கட்டாயமாம். முழு மீனைக் கண்ணால் கண்ட ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத மீன் அந்தச் சுவரில் ஒன்றுகூட இல்லை.

"கிளப்பில் ஒருவரும் முழுதாகப் பார்க்கவில்லையே" என்றார் பிறேபன்.

"நான் பார்த்தேன்" என்றேன்.

பிறேபன் கெட்டவர் அல்ல, ஒழுங்கு பார்க்கிற மனிதர். என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்: "கோடை விருந்தில் நீயே இவரை நம்பவில்லையே. சீலுக்குக் குடும்பம் இருக்கும் என்றாயே. இப்போது எப்படிச் சாட்சி சொல்வாய்?"

அறையில் எல்லோருக்கும் அது ஞாபகம் இருந்தது. இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார், அன்றைக்குக் காரில் இருந்தாரே, அதே மாதிரி.

வேலை இடத்திலும் பஸ்ஸிலும் என் டேனிஷ் நன்றாகவே ஓடும். அப்போது தட்டுத் தடுமாறியது. "இந்த மீனின் நீளத்தை நான் அளக்கவில்லை. ஆனால் பலகைக்கு இரண்டு பக்கமும் அது வெளியே நின்றது. வாலின் தண்ணீர் என் செருப்பை நனைத்தது. அதை நானே கண்டேன், நானே வெட்டினேன். அன்றைக்கு நான் சொன்னது பகிடி அல்ல, பிழை. இவர் பொய் சொல்கிறவர் அல்ல. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் சிரிப்பு வாங்கினேன்" என்றேன்.

கிர்ஸ்டன் பென்சிலை என்னிடம் நீட்டினாள். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். உன் கை எப்படி எழுதுமோ அப்படி எழுது என்றாள். ராசமலர் என்று எழுதினேன். 'ரா' கொஞ்சம் கோணிப் போனது. பிறேபன் ஏணியைக் கொண்டுவந்து, ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினார்.

காரில் ஏறியதும் என் கணவர் ரேடியோவைப் போட்டார். நான் அதை நிறுத்தினேன்.  பிறகு கேட்டேன். இரண்டு வருடம் பிந்திய கேள்வி.

"அந்த சீல் கொண்டுபோன மீன்... அது எவ்வளவு இருக்கும்?"

அவர் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் பகிடி விடுகிறேனா என்று பார்த்தார்.

"அது இதைவிடப் பெரிசு, மலர். இவ்வளவு இருக்கும்." காட்டுவதற்காக இரண்டு கையையும் விரித்தார்.

"ஐயோ, கையை ஸ்டியரிங்கில வையுங்கோ" என்றேன். "நம்புறன்."